சிட்டுவின் முதுகில் இரண்டு மூட்டைகள்

சென்ற வாரம் எங்கள் வீட்டு மின்சாரப் பலகையை மாற்ற வந்த எலக்ட்ரீஷியன், பழைய பீங்கான் ஃப்யூஸ்களையெல்லாம் கழற்றிக் குப்பைக் கவரில் போட்டார். "இதெல்லாம் இப்ப யாரும் வக்கிறதில்லம்மா" என்றார். நான் ஒன்றை எடுத்து அதன் ஓரத்தில் கட்டைவிரலை ஓட்டிப் பார்த்தேன். பிசிர் இல்லை. எவளோ நன்றாகத்தான் வெட்டியிருக்கிறாள். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்களில் விருத்தாசலம் செராமிக் எஸ்டேட்டில் இந்த ஓரங்களைச் சீவியவள் நான் என்று அவரிடம் எப்படிச் சொல்வது? இதையே நான் சீவியிருக்கலாம். பெருமைதான், போங்கள்.

ஃப்யூஸைக் கையில் எடுத்ததும் எனக்கு மண் வாசனைதான் முதலில் வந்திருக்க வேண்டும். வந்தது குதிரை வாசனை. சிரிக்காதீர்கள். நாங்கள் மதியம் சாப்பாட்டுத் தூக்கைத் திறக்கிற நேரத்துக்குத்தான் கம்பெனி வாசலில் துரை அண்ணனின் குதிரை வண்டி வந்து நிற்கும். ஜங்ஷனுக்குப் போகிற சரக்குப் பெட்டிகளை ஏற்றுவார்கள். வியர்வையும் பசும்புல்லுமாக சிட்டுவின் வாசனை உள்ளே வரும். சிட்டு செம்மண் நிறத்தில் ஒரு பெட்டைக் குதிரை. ஈர மண்ணும் புளிச்சோறும் குதிரையுமாகக் கலந்த அந்த மணத்தை அப்புறம் எங்கேயும் நான் முகர்ந்ததில்லை. எத்தனையோ நாள் ஏங்கியிருக்கிறேன்.

துரை அண்ணனின் மனைவிதான் அற்புதம் அக்கா. எங்கள் கம்பெனியில் மண் கலவை போடுகிறவள். முப்பது வயதுக்கு மேல் கொஞ்சம் இருக்கும். குரல் மட்டும் எஸ்டேட் முழுவதற்கும் பொது. சிட்டுவைக் குட்டியில் வாங்கி வந்து, புட்டிப்பால் கொடுத்து வளர்த்தவள் அவள். பிள்ளை இல்லாத வீடு. அதை அவள் சொல்லமாட்டாள், நாங்களும் கேட்கமாட்டோம்.

சித்திரை வந்துவிட்டால் எங்கள் சாப்பாட்டு நேரத்தில் வேறு பேச்சே கிடையாது. பக்கத்து ஊர் அம்மன் திருவிழாவில், வற்றிய ஏரிக்குள் குதிரைப் பந்தயம் விடுவார்கள். மதகில் ஆரம்பித்து எதிர்க்கரைப் பனைமரத்தோடு சரி. குட்டை ஓட்டம் என்பார்கள். நீங்கள் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவி நிமிர்வதற்குள் முடிந்துவிடும். எந்தக் குதிரை முதலில் வரும் என்று அதற்கு ஒரு மாதம் முன்பே நாங்கள் கணக்குப் போடுவோம். பொம்பளைகளுக்கு எதற்கு இந்தப் பேச்சு என்று மேனேஜர் முனகுவார். முனகிவிட்டு, கடைசியில் அக்காவிடமே வந்து கேட்பார்.

நான் எப்போதும் பிடரி அழகாக இருக்கிற குதிரையைத்தான் சொல்வேன். "நீ மாப்ளயையும் இப்படித்தான்டி பாக்கப்போற" என்பாள் அக்கா. அப்படித்தான் பார்த்தேன். இதைப் படித்துவிட்டு என் வீட்டுக்காரர் கோபித்துக்கொள்ளக் கூடாது.

அக்காவின் கணக்கே வேறு. "குட்டை ஓட்டத்துக்கு மூச்சு வேணாம்டி, எடுப்புதான் வேணும். மொதப் பாய்ச்சல்ல யாரு முந்துறாங்களோ அவங்களுக்குத்தான்" என்பாள். பின்னங்கால் தொடையைப் பார்ப்பாள். ஞாயிற்றுக்கிழமை ஏரிக்கே போய் மண்ணைக் கையில் பிசைந்து பார்த்துவிட்டு வருவாள். மண் இளகியிருந்தால் கனத்த குதிரைக்குக் கால் புதையும், இறுகியிருந்தால் பழகாத குதிரை குளம்பு நோகும் என்று பயந்து ஓடும். மண்ணோடேயே பிழைக்கிறவளுக்கு இது தெரியாதா? எல்லாவற்றுக்கும் மேல் ஒரு விதி வைத்திருந்தாள். மூட்டை சுமக்கிற குதிரை வராது. ஒரு வருஷமும் அது பொய்த்ததில்லை.

மூட்டை என்னவென்று சொல்லிவிடுகிறேன். போன வருஷம் ஜெயித்த குதிரை, இந்த வருஷம் முதுகின் இரண்டு பக்கமும் எடை மூட்டை தொங்கவிட்டுக்கொண்டுதான் ஓட வேண்டும். ஒரே குதிரை திரும்பத் திரும்ப ஜெயித்தால் யார் பார்க்க வருவார்கள்? முன்னெல்லாம் மணிமுத்தாற்று மணலைத்தான் கட்டினார்களாம். காலையில் ஈரமாக நிறுத்தது மத்தியானம் காய்ந்து எடை குறைந்து, அதில் அடிதடியே வந்திருக்கிறது. அக்காதான் யோசனை சொன்னாள். எங்கள் கம்பெனியில் குவிந்து கிடக்கிற சுட்ட பீங்கான் உடைசலைக் கட்டினால் காயவும் காயாது, குறையவும் குறையாது. கமிட்டிக்காரர்கள் அசந்துபோய் மூட்டை கட்டுகிற வேலையை அவளிடமே விட்டுவிட்டார்கள்.

அப்படியிருக்க ஒரு வருஷம் சிட்டுவே ஜெயித்துவிட்டாள். எஸ்டேட்டே கூத்தாடியது. ஆனால் அதற்குள் ஊரில் லோடு ஆட்டோக்கள் வந்துவிட்டன. ஜங்ஷனுக்குக் குதிரை வண்டியில் சரக்கு அனுப்ப யாருக்கும் பொறுமையில்லை. துரை அண்ணனுக்குப் புதுச்சேரியில் டிரைவர் வேலை தயாராக இருந்தது. மங்களூர் பக்கத்து ஆள் ஒருவர் சிட்டுவைக் கேட்டு வந்துகொண்டே இருந்தார். வீட்டில் பெரிய சண்டை. கடைசியில் துரை அண்ணன் ஒரு முடிவு சொன்னார். "இந்த வருசமும் சிட்டு ஜெயிச்சா வச்சுக்கலாம். பந்தயத்துக் குதிரைன்னு பேராச்சும் இருக்கும், நாலு திருவிழாவுக்குக் கூப்புடுவாங்க. தோத்தா குடுத்துடணும், அழக்கூடாது." அக்கா சரி என்றாள்.

அந்த மாதம் முழுக்க அவள் சோறு தின்றதை நான் பார்க்கவில்லை. கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தாள். "மழ இல்லாம ஏரி கல்லா கெடக்குது. சேத்தியாத்தோப்புக் கறுப்புக் குதிர வயல்ல ஓடிப் பழகுனது, பயப்படும். எம்பொண்ணு ஜங்ஷன் ரோட்டுல ஓடுனவ. மூட்டையோடவே ஒரு கழுத்து முந்துவா, பாத்துக்க." அவளே தன் விதியை மீறுகிறாள் என்று எனக்குத் திக்கென்றது.

தன் வீட்டுக் குதிரைக்குத் தானே மூட்டை கட்டினால் ஊர் ஏதாவது சொல்லாதா? சேத்தியாத்தோப்புக்காரர்கள் சொன்னார்கள். ஓட்டம் முடிந்ததும் மூட்டையை நிறுத்துக் காட்ட வேண்டும் என்றார்கள். "காட்டுறேன் வாங்க" என்றாள் அக்கா.

பந்தயத்தன்று மதகில் கொடி இறங்கியது. அவள் சொன்னது சொன்னபடி நடந்தது. முதல் பாய்ச்சலில் சிட்டுதான் முன்னால். கறுப்பு தயங்கித் தயங்கித்தான் கால் வைத்தது. நான் கத்திய கத்தலில் தொண்டை கட்டிக்கொண்டது. பனைமரத்துக்குக் கொஞ்சம் முன்னால் சிட்டு தளர்ந்தாள். அவ்வளவுதான். ஒரு கழுத்து. கறுப்பின் கழுத்து.

தோற்ற குதிரையின் மூட்டையை யாரும் கேட்கவில்லை. துரை அண்ணன்தான் விடவில்லை. "இல்ல, நிறுங்க. எம்பொண்டாட்டி யோக்கியம் எல்லாருக்கும் தெரியட்டும்" என்று மூட்டைகளைத் தராசில் தூக்கி வைத்தார். எடை குறையவில்லை. கூடியிருந்தது. இரண்டிலும்.

கூட்டம் தராசை எட்டிப் பார்த்தது. பிறகு ஒரே கைதட்டல். சொந்தக் குதிரைக்குக் கூடுதலாகக் கட்டியிருக்கிறாளே! "கூடுனா குத்தம் இல்ல, கொறஞ்சாத்தான் குத்தம். ஓட்டம் ஓட்டந்தான்" என்றார் கமிட்டித் தலைவர். தங்கமான பொம்பள என்று சொல்லி, ஜெயித்தவருக்கு வைத்திருந்த சால்வைகளில் ஒன்றை எடுத்து அக்காவுக்குப் போர்த்தினார். அந்த வெயிலில் சால்வையோடு அவள் நின்ற நிலை இருக்கிறதே, அதை நான் எந்த எதிரிக்கும் நினைக்கமாட்டேன்.

எங்களுக்கு அப்போதே புரிந்துவிட்டது. கலவை அறையில் பச்சை மண்ணை நிறுத்த பிறகு, காய்ந்தால் சுண்டும் என்று மேலே இரண்டு கை அள்ளிப் போடுவது அவள் வழக்கம். எங்கள் தொழிலில் எல்லோருக்குமே உண்டு. எதையும் கொஞ்சம் கூடுதலாகத்தான் செய்வோம், சூளைக்குப் போய்ச் சரியான அளவுக்கு வரட்டுமென்று. உடைசலை நிறுத்துவிட்டு, தைப்பதற்கு முன் அந்தக் கை பாட்டுக்கு அள்ளிப் போட்டிருக்கிறது.

"நெருப்புல வெந்தது இனிமே என்னாத்துக்குடி சுண்டப்போவுது?" அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். "எனக்குத் தெரியாதா அது? நாந்தானே எல்லாருக்கும் சொன்னேன்?"

கூட வேலை பார்த்த சாந்திக்கு வாய் சும்மா இருக்காது. "அப்ப முன்ன மூட்ட கட்டுன குதிரைக்கெல்லாங்கூட...?" என்று ஆரம்பித்தாள். அக்கா அவளை நிமிர்ந்து பார்த்தாள். மூட்டைக் குதிரை வராது என்ற விதி எப்படி வருஷா வருஷம் பலித்தது என்று மூவருக்கும் ஒரே நேரத்தில் விளங்கியது. சிரிப்பு வந்துவிட்டது. அக்காதான் முதலில் சிரித்தாள், அழுதுகொண்டே.

மங்களூர்க்காரர் அந்த வாரமே வந்து சிட்டுவை ஓட்டிக்கொண்டு போனார். சில மாதம் கழித்துத் துரை அண்ணன் அக்காவைப் புதுச்சேரிக்கு அழைத்துப் போய்விட்டார். இரண்டொரு முறை போன் வந்தது, அப்புறம் நம்பர் மாறிவிட்டது. நாங்கள் வேலை பார்த்த கம்பெனி இல்லை. ஏரிக்குள் இப்போது கருவேல மரம்தான். பந்தயம் நடந்ததா என்று அங்கே டீக்கடையில் கேட்டேன். "குதிரையா? இங்கயா?" என்றார் கடைக்காரர். மதிய நேரத்தில் என்னோடு உட்கார்ந்து ஒரு குதிரையின் பின்னங்காலைப் பற்றிச் சண்டை போட இந்த உலகத்தில் இனி ஒருத்தரும் இல்லை.

சிட்டு போய் ஒரு மாதம் இருக்கும். வேலை விட்டு நாங்கள் மூவரும் பஸ்ஸுக்கு நின்றோம். புல்லுக்கட்டு விற்கிறவள் கூடையை இறக்கினாள். அக்கா வழக்கம்போல ஒரு கட்டைத் தூக்கி, உதறி, வேர் மண் இருக்கிறதென்று பேரம் பேசி வாங்கினாள். எனக்கும் சாந்திக்கும் வாய் வரவில்லை. பஸ்ஸில் உட்கார்ந்து மடியில் வைத்த பிறகுதான் அவள் அதைப் பார்த்தாள். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஊர் வந்தது. கட்டை சீட்டிலேயே விட்டுவிட்டு இறங்குவாள் என்று நினைத்தேன். தலையில் தூக்கி வைத்துக்கொண்டு, வீட்டைப் பார்த்து நடந்தாள்.