கோர்வையில் தெரிந்த கை

எட்டாவதோடு பள்ளியை விட்டேன். லாரியில் கிளீனர், தென்னேரிப் பக்கம் செங்கல் சூளை, பிறகு செல்போன் பழுது பார்க்கும் வேலை. எதிலும் இரண்டு வருடம் நிலைத்ததில்லை. சின்ன காஞ்சிபுரத்தில் தங்கியதற்குக் காரணம் ஒரு பழைய கணினி. அதில் கட்டற்ற மென்பொருளை ஏற்றி ஒரு சமூக வலைத்தளம் நடத்தினேன். எந்தக் கம்பெனிக்கும் சொந்தமில்லாதது. போன் நம்பர் கேட்காது. பிறர் நடத்தும் இதே மாதிரி சர்வர்களோடு பேசிக்கொள்ளும். பதினோரு பேர் இருந்தார்கள்.

பன்னிரண்டாவதாக அந்தப் பெண் வந்தாள். என் அறைக்குப் பக்கத்து வீட்டில் மூன்று நான்கு தறிகள் ஓடின; அதில் ஒன்றில் கூலிக்கு நெய்தாள். அடிக்கிற கணவனை விட்டு ஆரணியிலிருந்து வந்தவள். முன்பு அவள் இருந்த தளத்தில் நம்பரை வைத்து அவன் இரண்டு முறை கண்டுபிடித்துவிட்டான். இரண்டாம் முறை கையை உடைத்தான்.

"இதுல வரமாட்டானாண்ணா?"

"பேர் வேணாம், நம்பர் வேணாம். எப்படிமா வருவான்?"

"பேர் இல்லன்னா நான் யாருனு எனக்கே தெரியாதே" என்று சிரித்தாள்.

ஒரு நாள் தறியில் இருந்த சேலையைப் படமெடுத்துப் போட்டாள். முகம் இல்லை. படத்துக்குள் பதிந்திருக்கும் இடக் குறிப்பையும் நான் அழித்திருந்தேன். மற்ற சர்வர்களிலும் பலர் பகிர்ந்தார்கள். நான்காம் நாள், தெரியாத கணக்கிலிருந்து அதன் கீழே ஒரு வரி வந்தது: "முனைய இன்னும் ஊசியாத்தான் முடிக்கிறியா?"

அவள் படித்துவிட்டுத் தறியோரம் உட்கார்ந்துவிட்டாள். கோர்வைச் சேலைக்கு இரண்டு பேர் வேண்டும். உடலும் கரையும் சேரும் இடம் பல் பல்லாக வரும். ஒன்பது வருடம் கணவன் நெய்ய, கரைப் பக்கம் உட்கார்ந்து கோத்தவள் இவள். பல்லின் முனையை மற்றவர்கள் இரண்டு இழையில் முடிப்பார்கள். இவள் ஒன்றில், ஊசி முனை மாதிரி முடிப்பாள்.

ஊரைக் காட்டிக்கொடுத்தது நான். பெருமைக்காக சர்வருக்குச் சின்ன காஞ்சி என்றே பேர் வைத்திருந்தேன். ஒவ்வொரு பதிவிலும் அவள் கணக்குப் பேரின் வாலில் அது நின்றது.

படத்தை அழித்தேன். மற்ற சர்வர்களுக்கும் அழிக்கச் சொல்லித் தகவல் போனது, பெரும்பாலானவை அழித்தன. ஒன்று பதிலே தரவில்லை. அதை நடத்துபவருக்கு மூன்று முறை எழுதினேன். அதட்டிக் கேட்க மேலே யாரும் இல்லை.

"இனிமே கைய மாத்திக்கினுதான் நெய்யணுமா?" என்றாள்.

போலீசுக்குப் போகலாம் என்றேன்.

"ரெண்டு வாட்டி போயாச்சுண்ணா. சேர்ந்து வாழுன்னு டீ வாங்கிக் குடுத்து அனுப்புனாங்க."

மதியமே ஒரு கட்டைப்பையோடு கிளம்பினாள். எங்கே என்று நான் கேட்கவில்லை; கேட்காதீங்க என்று அவளே சொல்லியிருந்தாள்.

மறுநாள் காலை அவன் வந்தான். ஒல்லியான, மரியாதையான ஆள். போனை நீட்டினான். அழியாத அந்தப் படம்.

"இத நெய்தவங்க இந்தப் பக்கமா இருக்காங்களாண்ணா?"

தெரியாது என்றேன். தலையாட்டிவிட்டு, மற்றவர்களின் தறிச் சத்தம் கேட்ட பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினான். அங்கே அவள் பாதியில் விட்ட சேலை இன்னும் தறியில்தான் இருந்தது.