அக்காவுக்கு வாங்கிய கற்கள்

போன மாதம் எங்கள் மாதர் சங்கக் கூட்டத்துக்கு ஒரு தம்பி வந்தார். காசை எப்படிக் கையாள வேண்டும் என்று பெண்களுக்குச் சொல்லிக்கொடுக்க அனுப்பப்பட்டவர். பலகையில் இரண்டு கட்டம் கீறினார். ஒன்றில் கடன் என்று எழுதினார், மற்றதில் சேமிப்பு என்று எழுதினார். கடனிலிருந்து சேமிப்புக்கு ஒரு அம்பு போட்டார். முதலில் கடனை முழுதாக அடைக்க வேண்டுமாம். சேமிப்பது அதற்குப் பிறகுதானாம். கடனை வைத்துக்கொண்டு காசு சேர்ப்பவர்கள் தங்களைத் தாங்களே ஏமாற்றுகிறார்களாம்.

பெண்கள் தலையாட்டினார்கள். பக்கத்தில் இருந்தவள், "தம்பி சொல்றது சரிதானே கா" என்று என் தொடையில் தட்டினாள். எனக்குக் கூட்டத்தில் எழும்பிப் பேச வராது. படிப்பும் பத்தாம் ஆண்டோடு நின்றுபோனது. அவர்கள் தந்த பிஸ்கட்டைத் தின்று, தேநீரைக் குடித்து, கையெழுத்தும் வைத்துவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்தபிறகுதான் கோபம் வந்தது. அது இன்னும் போகவில்லை. அந்தத் தம்பி சொன்ன புத்தியை என் அப்பா ஒருநாள் அப்படியே செய்து பார்த்தவர்.

எங்கள் ஊருக்கு ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. வாவியை நாங்கள் ஆறு என்றுதான் சொல்வோம். அப்பா முன்பு கடலுக்குப் போனவர். அவருடைய வள்ளத்துக்கு இயந்திரம் வாங்கக் கடன் கொடுத்தவர், ஊரில் மீனை மொத்தமாக எடுத்து விற்கிற முதலாளி. அப்பாவுக்கு முறைக்கு மச்சான். அக்காவும் நானும் அவரை முதலாளி மாமா என்று கூப்பிடுவோம். அவரிடம் கடன்பட்டவர், பிடிக்கிற மீன் முழுவதையும் அவருக்கே கொடுக்க வேண்டும். விலையை அவர் சொல்வார். கடனுக்கென்று ஒரு பங்கைக் கழித்துக்கொண்டு மிச்சத்தைக் கையில் தருவார். எங்கள் கரையில் எல்லாருக்கும் இதுதான் நடைமுறை. ஒருவரும் அதைக் கேள்வி கேட்டதில்லை.

பிறகு சுனாமியாகக் கடல் ஊருக்குள் வந்தது. வள்ளம், இயந்திரம், வலை, அம்மாவுக்குச் சீதனமாகக் கிடைத்த வீடு எல்லாம் போயின. கடன் மட்டும் ஒரு கீறலும் இல்லாமல் தப்பிவிட்டது. நாங்கள் பள்ளிக்கூடத்தில் அகதிகளாகப் படுத்திருந்தபோது முதலாளி மாமா தேடி வந்தார். பழைய உடுப்பும் ஒரு பால்மாப் பெட்டியும் கொண்டுவந்து தந்தார். அப்பாவின் தோளில் தட்டி, "கடன நினைச்சிக் கவலப்படாத மச்சான், ஆறுதலாத் தா" என்றார். கடல் கொண்டுபோன இயந்திரத்துக்கு நாங்கள் தொடர்ந்து காசு கட்ட வேண்டும் என்பது அப்படித்தான் முடிவாகியது. அப்பா அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நன்றியில் அழுதார்.

உதவி செய்ய வந்த ஒரு நிறுவனம் அப்பாவுக்கு ஒரு தோணி கொடுத்தது. கடலைப் பார்க்கவே அவருக்குப் பிடிக்கவில்லை. ஆற்றில் இறாலும் நண்டும் பிடிக்கத் தொடங்கினார். நாங்கள் தகரக் கொட்டிலில் இருந்தோம். எங்களுக்கும் வீடு கட்டித் தருவதாகச் சொல்லி அத்திவாரம் போட்டார்கள். இரண்டாம் வருடம், நின்றிருந்த உள்நாட்டுச் சண்டை திரும்பவும் தொடங்கியது. கட்டிக்கொண்டிருந்தவர்கள் சாமான்களை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு உரியது. மாப்பிள்ளை அவளுடைய வீட்டுக்கு வந்து வாழ்வான். வீடில்லாத பெண்ணைக் கேட்டு ஒருவரும் வரமாட்டார்கள். அக்காவுக்கு அப்போது இருபது வயது. ஆகவே அம்மா கல் வாங்கத் தொடங்கினார். விடியற்புறம் அம்மாவும் அக்காவும் இடியப்பம் அவிப்பார்கள். அம்மா அதைப் பெட்டியில் சுமந்துபோய் வீடு வீடாக விற்பார். அந்தக் காசில் கிழமைக்குக் கொஞ்சமாகச் சீமெந்துக் கல் வாங்கி, கொட்டிலுக்குப் பின்னால் அடுக்கி, நிவாரணத்தில் கிடைத்த நீலத் தார்ப்பாய்ப் படங்கால் மூடிவைப்பார். காசாக வைத்தால் அப்பா கேட்பார். தங்கமாக வைத்தால் அடகுக்குப் போகும். கல்லை யாரும் கைமாற்றாகக் கேட்க மாட்டார்கள் என்று அம்மா நினைத்தார்.

கடனையும் அம்மா விடவில்லை. ஒவ்வொரு கிழமையும் மீன்காசில் கடனுக்குரிய பங்கு கழிந்ததா என்று அப்பாவிடம் கேட்பார். நல்ல பிடிபாடு கிடைத்த கிழமையில் அப்பா கூடுதலாகக் கழிக்கச் சொல்லுவோமா என்றால், "வேணாம், கழிக்கிற மாதிரியே கழிக்கட்டும்" என்பார் அம்மா. கடனை விரைவாக முடிக்க அம்மாவுக்கு ஏன் மனமில்லை என்று எனக்கு எரிச்சலாக இருக்கும். எங்கள் வகுப்பில் கடன்காரன் மகள் என்று ஒருத்தி என்னைக் கூப்பிடுவாள்.

ஒரு நாள் அப்பாவுக்குச் சோறு கொண்டு துறைக்குப் போயிருந்தேன். முதலாளி மாமா தராசுக்குப் பக்கத்தில் கதிரை போட்டு இருந்தார்.

"என்ன மச்சான், மாடி வீடாமே?" என்றார் அப்பாவைப் பார்த்து. "உன்ட ஊட்டுக்குப் பின்னால கல்லு மலை மாதிரிக் கிடக்காம். என்ட காசுல மருமகளுக்கு மாளிகை எழும்புது, எனக்கு ஒரு வார்த்த சொல்லலயே."

"முதலாளிக்கும் ஒரு அறை வெச்சித்தான் கட்டுவான்" என்றார் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த ஒருவர். துறை முழுவதும் சிரித்தது. அப்பா இறாலைக் கூடையில் கொட்டிவிட்டு, நான் கொண்டுபோன சோற்றைத் திறக்காமலே என்னைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

வந்ததும் அம்மாவிடம் சொன்னார். "இனி அந்தாளுக்கு முன்னால நான் கை கட்டி நிக்க மாட்டன். கல்ல வித்துக் கடன முடிப்பம். பிறகு சேர்ப்பம் புள்ளைக்கு."

அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். "கடன் முடிஞ்சா அவர் நம்மட இறால எடுக்க மாட்டார்" என்றார்.

"விசர்க் கதை கதைக்காத. காசக் குடுத்தா மனிசன் சந்தோசப்படுவானா, கோவிப்பானா?"

"அவர்ர ஐஸ் பெட்டிக்குள்ள இடம் இரிக்கிறது கடன்காரனுக்குத்தான். நல்லா யோசிச்சிப் பாருங்க."

அப்பா சிரித்தார். நானும் சிரித்தேன். கடனை அடைத்தவன் மேல் யாராவது கோபிப்பார்களா?

இரண்டு நாள் கழித்து, அம்மா இடியப்பம் விற்கப் போன நேரம் பார்த்து, பின்னால் இழுவைப் பெட்டி பூட்டிய உழவு இயந்திரம் வந்தது. ஊரில் கடை கட்டுகிற ஒருவர் கல்லை வாங்கினார். வாங்கிய விலையில் பாதிதான் கொடுத்தார். பழைய கல்லாம். அப்பா படங்கை இழுத்துப் போட்டார். அக்காவையும் தூக்கிக் கொடுக்கச் சொன்னார். தன் வீட்டுக்கு வாங்கிய கற்களை அக்கா ஒவ்வொன்றாகத் தூக்கிப் பெட்டிக்குள் கொடுத்தாள். நான் பெட்டியில் ஏறி, சந்திவரை சவாரி போய்த் துள்ளிக்கொண்டு திரும்பி வந்தேன்.

அம்மா வரும்போது கல் இருந்த இடம் ஈரமாகக் கிடந்தது. கோழி குஞ்சுகளோடு அதைக் கிளறிக்கொண்டிருந்தது. அம்மா பெட்டியை இறக்கி வைத்துவிட்டு அப்பாவிடம் ஒரு கேள்விதான் கேட்டார்.

"அது உங்கட கல்லும் இல்ல, என்ட கல்லும் இல்ல. அவளக் கேட்டயளா?"

கடனை அடைக்க இன்னும் குறைந்த காசுக்கு அப்பா அம்மாவின் காதுத் தோட்டையும் கேட்டார். அம்மா கழற்றி நிலத்தில் வைத்தார். கையில் கொடுக்கவில்லை.

அன்று பின்னேரம் அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு முதலாளி மாமா மீன் வாங்கி வைக்கிற வாடிக்குப் போனார். ஐஸ் உடைக்கிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அப்பா காசை இரண்டு கையாலும் நீட்டினார்.

"என்ன மச்சான் இது?"

"முழுக் கடனும். எண்ணிப் பாருங்க."

முதலாளி மாமா கையை நீட்டவில்லை. முகம் சுருங்கிப்போனது. "இப்ப என்ன அவசரம்? நான் கேட்டனா? துறையில பகிடிக்குச் சொன்னத மனசில வெச்சிருக்கயா? கொண்டுபோய்ப் புள்ளைக்கு வீட்டக் கட்டு."

கொடுத்த கடனை வாங்க மறுக்கிற மனிதரை நான் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். எவ்வளவு நல்ல மாமா, அம்மா இவரைப்பற்றி இப்படி நினைத்துவிட்டாரே என்று எனக்கு வெட்கமாகக்கூட இருந்தது. அப்பா காசைத் தராசுத் தட்டில் வைத்தார். "சரி, அப்ப இனி நீ பெரிய ஆள்" என்றார் முதலாளி மாமா. எனக்குக் குடிக்கச் சோடா உடைத்துத் தந்தார்.

வரும் வழியில் அப்பா நிமிர்ந்து நடந்தார். இரண்டு நாளில் ஊரெல்லாம் அதே பேச்சு. ரோசக்காரன் என்றார்கள். கோயில் வாசலில் ஒருவர் அப்பாவைக் காட்டித் தன் மகனுக்குப் புத்தி சொன்னார். அப்பா மிச்சக் காசில் கோழி வாங்கி வந்தார். அம்மா அதை நன்றாகவே சமைத்து, எல்லாருக்கும் போட்டுத் தானும் எடுத்துக்கொண்டார். ஒரு துண்டை வாயில் வைத்து மென்றுவிட்டு, "நல்ல கல்லு" என்றார். அக்கா மட்டும் சிரித்தாள்.

அடுத்த கிழமை அப்பா இறாலைக் கொண்டுபோனார். முதலாளி மாமா கதிரையை விட்டு எழும்பவில்லை.

"ஐஸ் காணா மச்சான். கடன் தர இருக்கிறவனுகள்ர மீனையே வைக்க இடமில்ல. நீ இப்ப சுதந்திர மனிசன். உனக்கு விருப்பமான ஆளுக்குக் குடு."

விருப்பமான ஆள் என்று யார் இருந்தார்கள்? அந்த நாட்களில் பாதை அடிக்கடி மூடப்படும். அனுமதி எடுத்து வெளியூருக்குப் போய்வந்தது அவருடைய லொறி ஒன்றுதான். ஐஸ் அவரிடம்தான். ஊரில் வீட்டுக்கு வீடு தோணி. இறாலை யார் காசு கொடுத்து வாங்குவது? அம்மாவும் அக்காவும் கூடையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் நகரச் சந்தைக்குப் போனார்கள். சோதனைச் சாவடியில் எல்லாரையும் இறக்கி வரிசையில் நிற்க வைத்தார்கள். கூடையைக் கிளறிப் பார்த்தார்கள். வெயில் ஏறியது. சந்தைக்குப் போய்ச் சேர்ந்தபோது இறால் தலை கறுத்து நாறிவிட்டது. கொட்டிவிட்டு வந்தார்கள். மிஞ்சியதைப் பாயில் காயப்போட்டோம். மழை வந்தது.

அப்பாவை ரோசக்காரன் என்று புகழ்ந்த ஒருவரும் அந்த மாதம் எங்களிடம் ஒரு பிடி இறால் வாங்கவில்லை. இதை நினைக்கும்போது எனக்கு இப்போதும் பல் கடிபடுகிறது. கோயில் வாசலில் புத்தி சொன்னவர் எங்கள் கொட்டிலைத் தாண்டும்போது மூக்கைப் பொத்திக்கொண்டு போனார்.

மாதம் முடிவதற்குள் அப்பா வாடிக்குப் போனார். முதலாளி மாமா பழைய சிரிப்போடு வரவேற்றாராம். "நமக்குள்ள என்ன மச்சான்" என்றாராம். புதிய வலைக்கு, வீட்டுச் செலவுக்கு, கடைக் கணக்குக்கு என்று முந்தியதைவிடப் பெரிய கடனாகக் கொடுத்தார். அடுத்த நாளே ஐஸ் பெட்டியில் இடம் வந்துவிட்டது. கடன் இருந்த இடத்தில் கடன் இருந்தது. கல் இருந்த இடத்தில் ஒன்றும் இல்லை.

கடனையும் கட்டி, கல்லையும் வாங்கிய அம்மா தன்னை ஏமாற்றிக்கொள்ளவில்லை, தம்பி. அவர் அந்தக் கரையை அறிந்தவர். கடன் முடியட்டும் என்று காத்திருந்தால் அங்கே ஒருத்திக்கும் வீடு எழும்பாது என்று அறிந்தவர். கூட்டத்தில் இதை எழும்பிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உங்கள் பலகையில் முதலாளி மாமாவுக்கு ஒரு கட்டமும் இல்லை.

அம்மா திரும்பவும் கல் வாங்க முயன்றார். இடியப்பக் காசு புதுக்கடனின் பங்குக்கே போனது. அந்தச் சண்டைக் காலத்தில் வயது வந்த பிள்ளையைக் கொட்டிலில் வைத்திருக்க எல்லாரும் பயந்தார்கள். அக்கா தானே சொன்னாள், "நான் வெளிநாடு போறன் அம்மா" என்று. வீட்டு வேலைக்கு. பாஸ்போட்டுக்கும் வைத்தியச் சோதனைக்கும் முதலாளி மாமாதான் காசு கொடுத்தார். சண்டை முடிந்தபிறகுதான் அக்கா திரும்பி வந்தாள். அவள் அனுப்பிய காசில் எவ்வளவு கல்லாகியது, எவ்வளவு எங்கே போனது என்பதை நான் எழுதப்போவதில்லை. எழுதத் தொடங்கினால் என் கையெழுத்து என்னாலேயே வாசிக்க முடியாமல் போய்விடும்.

அவள் போன காலையை மட்டும் சொல்கிறேன். சந்தியில் வான் நின்றது. அக்கா புதுச் செருப்புப் போட்டிருந்தாள். நான் அவளிடம் ஒரு கைக்கடிகாரம் அனுப்பச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தேன். முதலாளி மாமாவும் வழியனுப்ப வந்திருந்தார். அக்காவின் கையில் செலவுக்கென்று கொஞ்சக் காசு வைத்துவிட்டு, யன்னலுக்குக் கிட்டக் குனிந்து சொன்னார்:

"காசு அனுப்பக்குள்ள என்ட பேருக்கே அனுப்பு மருமகள். உன்ட அப்பாவ பேங்குக்கு அலைய விடாத."

அக்கா தலையாட்டினாள். அப்பா நிலத்தைப் பார்த்தார். அம்மா, மகள் போகிற நேரத்தில் அவளைப் பார்க்காமல் ஏன் அவரையே பார்த்துக்கொண்டு நிற்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை. வான் புறப்பட்டது. நான் கை காட்டினேன். முதலாளி மாமா என் தலையில் கையை வைத்து, "அழாத புள்ள" என்றார். நான் அழவே இல்லை. அப்பாவுக்கு அலைச்சல் மிச்சம், எவ்வளவு யோசிக்கிறார் இந்த மாமா என்றுதான் நினைத்துக்கொண்டு நின்றேன்.