பெருவில் இல்லாத தாமரைக்குளம்

ஆசிரியனாக இருந்துகொண்டே ஒருமுறை கூசாமல் பொய் சொன்னவன் நான்.

கலவரத்துக்குப் பிறகு இலங்கையை விட்டு வந்து, ஆக்லாந்தில் வரலாறு படிப்பித்த எண்பதுகள் அவை. மாணவர்களைப் பெரு நாட்டுக்குக் கூட்டிப்போய், இன்கா மக்களின் மலைநகரத்தைக் காட்டத் திட்டமிட்டோம். பெற்றோரும் பிள்ளைகளும் வந்திருந்த கூட்டத்தில் ஒரு தாய், "நீங்கள் அங்கே போயிருக்கிறீர்களா?" என்று கேட்டார். இல்லையென்று சொல்ல மனம் வரவில்லை.

"போயிருக்கிறேன்" என்றேன். அதோடு நின்றேனா? செங்குத்தான படிகளையும், ஆளைத் தள்ளும் காற்றையும், அடிவாரத்தில் தாமரை பூத்த குளத்தையும் வர்ணித்தேன்.

எல்லோரும் கலைந்தபின், மனுரேவா புறநகரிலிருந்து வந்த ஒரு மாணவியின் தந்தை என்னருகே வந்தார்.

"நான் பெருவில் பிறந்தவன். அங்கே அப்படி ஒரு குளம் இல்லை" என்றார் மெதுவாக.

அவர் கோபிக்கவில்லை.

"ஆனால் பார்க்காத ஒன்றை யாரும் இப்படிச் சொல்ல முடியாது. அது எந்த இடம்?"

"சிகிரியா. இலங்கையில், பள்ளிச் சுற்றுலாவில் பார்த்த மலைக்கோட்டை."

"நாளைக்குப் பிள்ளைகளிடம் உண்மையைச் சொல்லுங்கள். இன்கா மலைக்குப் போகும் வழியை நான் சொல்லித் தருகிறேன்" என்று என் கையைப் பிடித்தார்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன்.

"ஏனப்பா பொய் சொன்னனீங்கள்?" என்று கடிந்தவள், பிறகு ஊர் நினைவோடு, "அந்தக் குளத்தில இப்பவும் தாமரை பூக்குமோ?" என்று கேட்டாள்.

"ஓம், பூக்கும்" என்றேன்.

அதுவும் உறுதியாகத் தெரியாமல் சொன்னதுதான். ஆனால் அந்தப் பதிலுக்காக நான் இன்றுவரை வெட்கப்பட்டதில்லை.