ஈரம் துடைக்காத பல்

மர்சலினுக்குப் பல் பைத்தியம். கச்சேரி ரோட்டில் சுப்பராயன் டாக்டரின் பல் வைத்தியசாலையில் உதவியாளாகச் சேர்ந்து பதினோரு வருஷம் ஆகியும், பிடுங்கிய பல் ஒன்றைக்கூட அவன் குப்பையில் போட்டதில்லை. வேருக்குள் நரம்பு ஓடும் குழாயைச் சுரண்டி அடைத்து, இரண்டு நாள் மையில் ஊறப்போட்டு, சுத்தியலால் பிளந்து பார்ப்பான். பல்லின் உட்சுவரெல்லாம் கண்ணுக்குத் தெரியாத துளைகள். குளோரோபாரத்தில் கரைத்த குங்கிலியம் அவற்றுக்குள் இறங்கினால்தான் அடைப்பு கெட்டியாகப் பிடிக்கும். சுவரில் ஈரம் இருந்ததோ, போச்சு, மை உள்ளே ஓடியிருக்கும். படகின் இடுக்கை அடைக்கும் குங்கிலியம் ஈரப் பலகையில் ஒட்டாது என்பது சாந்தோம் குப்பத்தில் பிறந்தவனுக்கு யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. டாக்டருக்குக் கண் மங்கிய ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்துநாலாம் வருஷத்திலிருந்து வேரடைப்பு முழுக்க அவன் கையில்தான்.

அவன் தங்கை அல்போன்சாவைக் கட்டியவன் பவுல்சாமி. கட்டினானா, கட்டையில் வைத்தானா! கடலில் மீன் படவில்லை என்றால் அடி, பட்டால் அந்தக் காசில் குடித்துவிட்டு அடி. துடுப்பு, கயிறு, கையில் எது கிடைக்கிறதோ அது. தட்டிக் கேட்கப்போன மர்சலினை ஊர் பார்க்க மணலில் தள்ளி நெஞ்சில் மிதித்தான். கோயில் சாமியாரோ, மாதாவை நினைத்துப் பொறுத்துக்கொள் மகளே என்று அவளைத் திருப்பி அனுப்பினார். பொறுத்துக்கொள்ள அவர் முதுகா என்ன? அந்த மாசியில் பவுல்சாமி அவளுடைய ஐந்து மாத வயிற்றில் உதைத்தான். பிள்ளை தங்கவில்லை.

ஆனைக்கொரு காலம் வந்தால் பூனைக்கொரு காலம் வராதா? பத்தாம் நாள் பவுல்சாமி கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வைத்தியசாலைக்கு வந்து நின்றான்.

"புடுங்கிடாத மச்சான். வலைக்கயிற இந்தப் பல்லாலதான் கடிச்சிக்கினு இழுக்கறேன்."

மர்சலின் அவனை உட்கார வைத்தான். மெல்லிய ஊசியால் நரம்பைச் சுருட்டி இழுத்தபோது பவுல்சாமி நாற்காலியின் கையை உடைக்கும் அளவுக்குத் திமிறினான். அடுத்துச் செய்ய வேண்டியது, ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து, சூடான காற்று ஊதி, சுவரை எலும்பாய்க் காயவைப்பது. மர்சலின் துடைக்கவில்லை. எச்சிலும் சீழும் நின்ற குழாயிலேயே குங்கிலியத்தை ஊற்றி, மேலே சிமெண்டை வைத்து அழுத்தி மூடினான். உள்ளே எதுவும் பிடிக்காது, சீழுக்கு வெளியே வழியும் இல்லை. சாகட்டும் சனியன் என்று மனசாரச் சபித்தபடி கை கழுவினான்.

மூன்றாம் நாள் பவுல்சாமியின் முகம் வீங்கிக் கண் மூடிவிட்டது, தூணில் தலையை முட்டிக்கொண்டு அலறுகிறான் என்று குப்பமே பேசியது. மர்சலினுக்கு அன்றைக்குச் சோறு இறங்கியது, அப்படி ஒரு ருசி.

ஆறாம் நாள் காலை அல்போன்சா வந்தாள். மண்டை பிளந்து ரத்தம் கழுத்தில் காய்ந்திருந்தது. இடது கை முழங்கைக்குக் கீழே கோணிக்கொண்டு தொங்கியது. மர்சலின் ஓடிப்போய்த் தாங்கினான். அவள் பேசியதோ புருஷனின் பல்லைப் பற்றி.

"பல்லு துடிக்கிறப்பல்லாம் துடுப்ப எடுக்கறாண்ணா. அஞ்சு நாளா தூக்கமே இல்ல, ரெண்டு பேருக்கும். நீ வந்து அத்த சரி பண்ணிக் குடு. அவன உங்கிட்ட போய்க் காட்டுன்னு அனுப்பினதே நாந்தான்."

மர்சலினால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவளுடைய கைக்கு மூங்கில் தப்பை வைத்துக் கட்டிவிட்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு குப்பத்துக்கு நடந்தான். நாலு பேர் பவுல்சாமியைப் பிடித்துக்கொள்ள, அடைப்பைப் பெயர்த்தான். சீழ் அவன் சட்டையில் தெறித்தது. தினமும் போய்க் கழுவினான். வீக்கம் வற்றிய பிறகு சுவரை மூன்று தடவை துடைத்து, துளி ஈரமில்லாமல் காயவைத்து, குங்கிலியம் துளைகளில் இறங்கும்வரை பொறுத்திருந்து அடைத்தான். அவன் ஆயுசில் அதைவிட நல்ல அடைப்பு போட்டதில்லை.

பவுல்சாமி சாகும்வரை அந்தப் பல் அசையவில்லை. அல்போன்சாவின் கோணிய கைதான் கூடவே இல்லை; அவனுக்கு ஒற்றைக் கையால் சோறு பொங்கிப் போட்டாள், அடியும் வாங்கினாள்.