உடைத்த மல்லி

என் ஆபீஸ் மேசையின் கீழ் இழுப்பறையில் ஒரு மஞ்சள் பை இருக்கிறது. உள்ளே கொத்தமல்லி விதை, ஒவ்வொன்றும் இரண்டாக உடைந்தது. எங்கள் பக்கத்துக் கரிசலில் மல்லியை முழுசாக விதைக்க மாட்டார்கள். தரையில் பரப்பி, செருப்புக் காலால் பதமாகத் தேய்த்து, உடைத்துத்தான் விதைப்பார்கள். உடைத்துவிட்டால் நாள் கடத்தக் கூடாது, முளைப்பு போய்விடும். சிறு வயதிலிருந்து மல்லி விதைத்த ஓர் அக்கா, என் பேச்சை நம்பி இதை உடைத்தாள்.

அப்போது நான் செந்துறைக்குப் பக்கத்தில் ஒரு ஊரில் கிராம நிர்வாக அலுவலர், வேலைக்குப் புதுசு. ஊரே சார் போட்டுக் கூப்பிட, அவள் மட்டும் தம்பி என்பாள். கணவர் இல்லை. இரண்டு ஏக்கர் மானாவாரியை வைத்துத்தான் மகளை அரியலூரில் காலேஜ் படிக்க வைத்துக்கொண்டிருந்தாள். அந்த ஐப்பசியில் விடாமல் பெய்த மழையில் அவள் மக்காச்சோளம் வேர் அழுகிச் சாய்ந்தது. நிவாரணம் உண்டு என்று அறிவிப்பு வந்தது. ஆனால் சேதம் கணக்கெடுக்கும் குழு நேரில் வந்து, அழிந்த பயிரைக் காட்டிலேயே பார்த்தால்தான் பட்டியலில் பேர் ஏறும். அதை உழுது போட்டால் நிவாரணம் கிடையாது. உழாமல் வைத்திருந்தால் ஈரம் காய்ந்து மல்லிப் பட்டம் போய்விடும்.

"போட்டோ புடிச்சிக்கங்க தம்பி, நான் உழுதுக்கறேன்" என்றாள். என் போட்டோ செல்லாது என்றேன். "ஒரு ஓரத்துல மட்டும் நிக்கட்டுமா?" என்றாள். அந்த ஓரத்தை மட்டும்தான் எழுதுவார்கள் என்றேன். ஒவ்வொரு கேள்விக்கும் என்னிடம் ஒரு விதி தயாராக இருந்தது. நான் மேலே போன் போட்டால் நாளைக்கு என்பார்கள். அதையே அவளிடம் சொல்வேன். "பொறுங்கக்கா, நாளைக்கு வந்துடுவாங்க." ஒரு சாயங்காலம் நான் கொஞ்சம் அழுத்திச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. ட்ராக்டருக்குச் சொல்லிவிட்டு, குழு போனதும் விதைத்துவிடலாம் என்று அன்றைக்கே மல்லியை உடைத்துவிட்டாள்.

குழு வந்தபோது அவள் மல்லியை உடைத்துப் பத்து நாளுக்கு மேல் ஆகியிருந்தது. வண்டி கிடைக்கவில்லையாம். ரோட்டு ஓரத்தில் நின்றபடியே முழுச் சேதம் என்று எழுதிக்கொண்டார்கள். அவள் வரப்பில் நின்று குனிந்து ஒரு மண்கட்டியை எடுத்தாள். அது கையில் உதிரவில்லை, கல்லாக இருந்தது. நான் அவள் முகத்தைப் பார்க்காமல் கையெழுத்து வாங்கினேன்.

பக்கத்துக் காட்டுக்காரர் என் பேச்சைக் கேட்காமல் உழுதுவிட்டவர். தை மாதம் அவர் காடு வெள்ளை வெளேரென்று பூத்துக் கிடந்தது, அக்காவின் காடு வெடித்துக் கிடந்தது. காலேஜுக்குக் கட்ட வழியில்லாமல் மகள் படிப்பை விட்டுவிட்டு திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போனாள். அவள் போன பிறகுதான் நிவாரணம் வந்தது. அதைச் சொல்ல வந்த அக்கா இந்தப் பையை என் மேசையில் வைத்தாள்.

"பணம் வந்துடுச்சு சார். நீங்க சொன்ன மாதிரியே வந்துடுச்சு. இது இனிமே முளைக்காது, ரசத்துக்கு வெச்சிக்கங்க."

அவள் குத்திக் காட்டவில்லை. காட்டியிருந்தால் தேவலை. தம்பி எப்போது சாரானான் என்று யோசித்தபடி உட்கார்ந்திருந்தேன். அன்றிலிருந்து மல்லி ரசம் எனக்குத் தொண்டையில் இறங்குவதில்லை.

இப்போது பெரம்பலூர்ப் பக்கம் மாற்றலாகி வந்துவிட்டேன். பையும் கூடவே வந்தது. இந்த ஐப்பசியிலும் மழை, அதே அறிவிப்பு. இன்று காலை ஒரு விவசாயி போன் செய்தார். "சார், காட்டுல ஈரம் போவுது. உழுதுடட்டுமா?"

இழுப்பறையைத் திறந்து பையை எடுத்தேன். மல்லியில் வாசனையே இல்லை. உழுங்கள் என்ற வார்த்தை தொண்டை வரை வந்தது. உழுதால் அவர் பேரை எழுத என்னால் முடியாது.

"கொஞ்சம் பொறுங்க," என்றேன். "நாளைக்கு வந்துடுவாங்க."