டோக்கன் ஜன்னல் ரஹமத் பீவி

"மொகத்த காட்டுண்ணா. துண்டுக்கெல்லாம் டோக்கன் குடுக்க முடியாது."

குளிருக்குக் காதோடு மூக்கையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு வந்த ஆஞ்சப்பன் முனகிக்கொண்டே துண்டை அவிழ்க்கிறார். ஜன்னலுக்குள் ரஹமத் பீவி ஏறிட்டுப் பார்த்துவிட்டுத்தான் டோக்கன்கள் தொங்கும் பலகைப் பக்கம் திரும்புகிறார்.

ஓசூர் சிப்காட்டில் எங்கள் தொழிற்சாலை வாசலில், ஆளுக்கொரு நம்பர் போட்ட பித்தளை டோக்கனை எடுத்துக் கொடுப்பது இவர் வேலை. ஷிப்ட் சங்கு ஊதி ஓய்ந்தால் ஜன்னல் மூடிக்கொள்ளும். டோக்கன் இல்லாதவருக்கு அன்று வேலையில்லை. கூட்டாளிக்கும் சேர்த்து ஒன்று கேட்டுப் பாருங்கள், தெரியும் சேதி. "எந்தாய்மாமன் கேட்டாலும் கெடையாது. அவனையே வரச் சொல்லு."

தளிக்காரர்களிடம் கன்னடம், பாகலூர்க்காரர்களிடம் தெலுங்கு, என்னிடம் தமிழ். அதட்டல் மட்டும் எல்லோருக்கும் பொது. தற்பெருமையும் உண்டு. "இந்தக் கை வேகம் எவனுக்கு வரும், சொல்லு?" என்று நீட்டிக் காட்டுவார். எனக்கு அது பிடிக்கும். இருக்கிற திறமையைச் சொல்லிக்கொள்வதில் என்ன வெட்கம்?

செக்யூரிட்டித் தலைவர் நாராயணப்பனுக்குத்தான் பிடிக்கவில்லை. பொம்பளை கையில் வரிசை நகராது, ஜன்னலைத் தன் ஆட்களிடம் கொடுங்கள் என்று மேலதிகாரிகளிடம் ஓதினார். ஒரு வாரம் பார்ப்பது, சங்குக்குள் டோக்கன் கிடைக்காமல் ஒருவர் திரும்பினாலும் ஜன்னல் கைமாறும் என்று முடிவாயிற்று.

"இந்த எடத்துக்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். உட்ருவனா?" என்ற ரஹமத் பீவி, அன்று மாலையே பலகையைக் கலைத்தார். நம்பர்படி தொங்கிய டோக்கன்களை பஸ்படி மாட்டினார். தளி பஸ்ஸுக்கு ஒரு பலகை, குருபரப்பள்ளி பஸ்ஸுக்கு இன்னொன்று. "ஆளுங்க நம்பர்படியா வராங்க? பஸ்ஸுபடிதான வராங்க."

கடைசி நாள், போதாத காலம், இரண்டு பஸ்ஸும் தாமதமாகி ஒன்றாக வந்து நின்றன. வீட்டிலிருந்து வந்த நாராயணப்பன் உள்ளே போகாமல், வரிசையின் வாலருகே நின்று கைக்கடிகாரத்தையே பார்த்தார். சங்கு பிடித்தது. "பேக பன்னி, பேக பன்னி" என்று, சீக்கிரம் வரச் சொல்லி ஜன்னலுக்குள்ளிருந்து கன்னடத்தில் விரட்டல். முகம், கை, டோக்கன். முகம், கை, டோக்கன். கடைசி ஆள் வெங்கடப்பனும் உள்ளே போய்விட்டார். ஜெயித்துவிட்டார் மகராசி. உள்ளே நின்ற நாங்கள் கை வலிக்கத் தட்டினோம்.

வெளியே இப்போது ஒரே ஒருவர். அவரும் டோக்கன் வாங்க வேண்டியவர்தான். கடிகாரம் பார்த்த மும்முரத்தில் அது மறந்தே போயிருந்தது. சங்கு இன்னும் ஓயவில்லை. ரஹமத் பீவி எழுந்து, ஜன்னலுக்கு வெளியே தோள்வரை கையை விட்டு, நாராயணப்பனின் டோக்கனை அவர் மூக்குக்கு நேரே நீட்டினார்.