அவர் காதுக்கு எட்டிய கூடம்

மலாயாவுக்குச் சுதந்திரம் கிடைத்த அந்த ஆகஸ்டு மாதம் நடந்தது இது. மலாக்காவில், காஜா பெராங்கில் புதிதாகக் கட்டிய வீட்டுக்கு நாங்கள் அப்போதுதான் குடிவந்திருந்தோம். எனக்கு அந்த வீட்டுக் கூடத்தின் மேல் கொள்ளை ஆசை. பூப்போட்ட ஓடு பதித்த தரை, வழவழவென்று பூசிய சுவர், கண்ணாடி அலமாரி, ஆளுயர நிலைக்கண்ணாடி. வருகிறவர்கள் வாசலிலேயே நின்று வாய்பிளந்து பார்ப்பார்கள்.

என் கணவர் மட்டும் அங்கே உட்காரமாட்டார். ஜப்பான்காரன் காலத்தில் சயாம் ரயில் பாதை வேலைக்குப் பிடித்துப் போகப்பட்டு, உயிரோடு திரும்பி வந்தவர் அவர். பாறைக்கு வைத்த வெடியில் ஒரு காது அடியோடு போய்விட்டது. இன்னொன்றில் அரைகுறையாகத்தான் கேட்கும். பழைய பலகை வீட்டில் எப்படியோ சமாளித்தார். இங்கே யார் பேசினாலும் சத்தம் சுவருக்குச் சுவர் மோதிக் குழம்பியது. “தகர டின்னுல கல்லப் போட்டு ஆட்டுற மாதிரி இருக்கு” என்பார். ஆட்கள் வந்தால் மெல்ல எழுந்து வெளியே போய்விடுவார்.

எங்கள் வரிசையில் எங்களிடம்தான் ரேடியோ இருந்தது. சுதந்திரப் பிரகடனத்தைக் கேட்க அக்கம்பக்கத்தார் வருவதாக இருந்தார்கள். அவரோ, “நீங்கள்லாம் கேளுங்க, அப்புறமா எனக்குச் சொல்லு” என்றார். அவ்வளவு அமைதியாகச் சொன்னதுதான் எனக்குத் தாங்கவில்லை.

பிரகடனத்துக்குச் சில நாள் முன்பு விடாத மழை. துவைத்த போர்வை, கைலி, சேலை எல்லாவற்றையும் கூடத்திலேயே குறுக்கும் நெடுக்குமாகக் கொடி கட்டிப் போட்டேன். பக்கத்துச் செட்டி கம்பத்திலிருந்து தோழி ஒருத்தி உதவிக்கு வந்திருந்தாள். பல தலைமுறைக்கு முன்பே மலாக்காவில் குடியேறிய வம்சம். நம் சாமிகளையே கும்பிடுகிறவள். பேச்சு மட்டும் மலாய்.

போர்வையை உதறியபடி, “இந்த மழை விடாது போல” என்று முணுமுணுத்தேன்.

“சாயங்காலம் விட்டுரும்” என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

திரும்பினால், தொங்கும் துணிகளுக்கு அந்தப் பக்கம் என் கணவர். என் உதட்டைப் பார்க்காமல் அவர் எனக்குப் பதில் சொல்லி எத்தனை வருஷம்! அவருக்கும் அது உறைத்துவிட்டது. “இன்னொரு தடவ சொல்லு” என்றார். குரலை இன்னும் தாழ்த்திச் சொன்னேன். கேட்டது. சுவரில் மோதும் சத்தத்தையெல்லாம் துணிகள் குடித்துவிட்டு, என் சொல்லை மட்டும் அவரிடம் விட்டிருந்தன. அவர் முகத்தைப் பார்க்கும் பதற்றத்தில் ஒரு துணியை உருவப் போனேன். “ஜாங்ஙான், காக்!” என்று கையைப் பிடித்துக்கொண்டாள் தோழி. வேண்டாம் அக்கா என்கிறாள்.

ஆனால், நல்ல நாளில் கூடத்தைச் சலவைக் கொட்டகையாகவா வைத்திருப்பது? இரண்டு பேரும் வேலையில் இறங்கினோம். அவள் வீட்டிலிருந்து மெழுகுச் சாயமிட்ட பாத்தேக் துணிகளைக் கொண்டுவந்தாள். ஜன்னலிலும் வெற்றுச் சுவரிலும் அவற்றை நெருக்கமாக மடிப்பு விட்டுத் தொங்கவிட்டோம். தரையில், ஓரத்துப் பூ ஓடுகள் தெரியும்படி விட்டு, நடுவில் தடித்த பாய்களை விரித்தோம். நிலைக்கண்ணாடி படுக்கையறைக்குப் போனது. ஒவ்வொன்றையும் மாற்றியபின் அவள் மூலைக்கு மூலை நின்று மெதுவாகப் பேசுவாள். நடுவில் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கும் என் கணவர், கேட்டால் விரலை உயர்த்துவார். நீலமும் அரக்குமாகக் கூடம் முன்பைவிட அழகாகிவிட்டது.

அந்தக் காலையில் கூடம் நிறைய ஜனம். அவர் ரேடியோவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். பிரகடனம் கனமான மலாயில் ஒலித்தது. ரப்பர் தோட்டத்திலிருந்து வந்திருந்த ஒரு பெண், “என்னாங்க சொல்றாங்க?” என்று திகைத்தாள். நான் வாய் திறப்பதற்குள் என் கணவர் தமிழில் சொல்லத் தொடங்கினார். ரேடியோ ஒரு வாக்கியம், அவர் ஒரு வாக்கியம். கூடமே அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. கடைசியில் “மெர்டேக்கா!”, விடுதலை, என்று ரேடியோவில் ஜனம் முழங்க, அவரும் எழுந்து நின்று கூவினார். கண்ணீர் வழிந்ததை அவர் துடைக்கவே இல்லை. தோழி என் கையை நசுக்கிக்கொண்டிருந்தாள்.

அதன்பிறகு எத்தனையோ அழகான வீடுகளுக்குப் போயிருக்கிறேன். இன்றும் உள்ளே நுழைந்ததும் என் கண் முதலில் தேடுவது, அங்கே பேச்சில் சேர முடியாமல் யாராவது ஒதுங்கி இருக்கிறார்களா என்பதைத்தான்.